பத்துப் பட்டனில் நான்கு சிவப்பு

போன மாதம் நித்யா என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த மருந்து விநியோக நிறுவனத்தில் எனக்குக் கீழே கடைசியாகச் சேர்ந்த பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் அவள்தான் இருக்கிறாள். அபிராமபுரத்து வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். கேள்வியைப் போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் வருகிறது. பச்சை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"இது எப்படி வருதுன்னு யாருக்கும் தெரியல மேடம். மீட்டிங்ல எல்லாரும் கலரை மட்டும் பாக்கறாங்க. நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் கொடுங்க. பொறுமையா, கோபப்படாம எழுதுங்க" என்றாள்.

பொறுமையாக எழுதுகிறேன். இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் டீச்சர் ஆகவில்லை. புள்ளியியல் படித்து ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே இருந்துகொண்டே மாலை வகுப்பில், எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் முடிவுப் பகுப்பாய்வு படித்தேன். பிறகு இந்த நிறுவனத்தின் தி.நகர் தலைமை அலுவலகத்தில் திட்டப் பிரிவுக்கு வந்தேன். கடைசிவரை அங்கேதான். கோயில் வாசலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் விளக்குவதற்குள் அடுத்த பூசைக்கு மணி அடித்துவிடும். ஜோசியமா என்று கேட்டவர்கள்கூட உண்டு. என்ன நடக்கும் என்று ஜோசியர் சொல்வார். என்ன நடக்கும் என்று தெரியாதபோது என்ன செய்வது என்று யோசிப்பது என் வேலை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பலகையில் ஒரு கட்டம் போடுவோம். அது நாம் முடிவெடுக்கும் இடம். அதிலிருந்து கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு வட்டம் வரும். அது நம் கையில் இல்லாத இடம். மழை, போட்டியாளர், அரசாங்கம், ஓர் இயந்திரத்தின் ஆயுள், எதுவாகவும் இருக்கலாம். வட்டத்திலிருந்து பிரியும் கிளை ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாய்ப்பு என்று எழுதுவோம். கிளையின் நுனியில் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதுவோம். கடைசியில் ஒரு கேள்வி கேட்போம். முடிவெடுப்பதற்கு முன் நாம் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அது தெரிந்தால் நம் முடிவு மாறுமா? மாறும் என்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கேள்வியை நித்யா அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

கஷ்டமான பகுதி, மனிதர்களிடமிருந்து வாய்ப்பைக் கேட்டு வாங்குவது. எங்கள் கிடங்குப் பொறியாளர் முருகேசனிடம் "கீழ்த்தளத்தில் வெள்ளம் வருமா?" என்று கேட்டால், "வரலாம் மேடம், வராமலும் போகலாம்" என்பார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதற்காக ரங்கநாதன் தெருவில் சட்டைப் பட்டன்கள் வாங்கி வைத்திருந்தேன். ஓர் எவர்சில்வர் டப்பாவில் பத்துப் பட்டன்களைப் போட்டு, அதில் சில சிவப்பு, மற்றவை வெள்ளை என்று காட்டுவேன்.

"உங்களுக்கு ஒரு பரிசு இருக்கு. கண்ணை மூடிட்டு டப்பாவில் கையைவிட்டுச் சிவப்பு எடுத்தா பரிசு. இல்லேன்னா, இந்த மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணி வந்தா பரிசு. எது வேணும்?"

ஒரு சிவப்பு மட்டும் இருந்தபோது முருகேசன் சட்டென்று தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார். ஏழு சிவப்பு போட்டேன். டப்பாவைத் தேர்ந்தெடுத்தார். நான்கு சிவப்பு என்று ஆனபோது, டப்பாவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் இருந்தது அதுதான், பத்தில் நான்கு. கட்டடத்தை அறிந்த இன்னும் சிலரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் அதன் அருகிலேயே வந்து நின்றார்கள்.

நான் சொல்லும் கீழ்த்தளம் கோட்டூர்புரத்தில் இருந்தது. அடையாற்றிலிருந்து அதிக தூரமில்லை. இன்சுலினும் தடுப்பூசிகளும் வைக்கும் குளிர்பதன அறை அங்கே, தரைக்குக் கீழே. சரிவுப் பாதை வழியாக வண்டிகள் இறங்கும். மழைக்காலம் முடியும்வரை சரக்கை அம்பத்தூரில் ஒரு வாடகைக் குளிர்கிடங்குக்கு மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. மாற்றினால் செலவும் சிரமமும் நிச்சயம். மாற்றாவிட்டால் ஆபத்து வரலாம், வராமலும் போகலாம். மாற்ற வேண்டும் என்று என் கணக்கு சொன்னது.

முடிவெடுக்க வேண்டியவர் செயல்பாட்டு இயக்குநர் தனசேகர். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அறைக்குள் போனால் முதலில் காபி வரச் சொல்வார். நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை நினைவு வைத்து விசாரிப்பார். உத்தரவு என்று எதையும் போட மாட்டார். "எனக்குத் தோணறது இது. நீங்க பாத்துக்கோங்க. உங்க இஷ்டம்" என்பார். கீழே இருப்பவர் அவர் நினைத்ததைச் செய்வார். நல்லபடியாக முடிந்தால் அது தனசேகரின் யோசனை. கெட்டுப்போனால் செய்தவரின் இஷ்டம். இதைப் பெருந்தன்மை என்று நினைத்து நானும் பல வருடம் அவரை மதித்திருக்கிறேன்.

பலகையில் நான் போட்ட படத்தை முழுவதும் பார்த்துவிட்டு, "பத்துல நாலு தடவை தண்ணி வரும்னா, ஆறு தடவை வராது. அப்படித்தானே?" என்றார்.

"ஆமா சார். ஆனா அந்த நாலுல போறது ரொம்பப் பெரிசு."

"நாம ஆறு பக்கம் நிக்கலாம் ஸ்டெல்லா" என்று சிரித்தார்.

சரக்கு மாற்றப்படவில்லை. அந்த வருடம் நல்ல மழை. ஆறு எங்கள் மதில் சுவர்வரை ஏறியது, அங்கேயே நின்றது, பிறகு இறங்கிவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் தி.நகர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வீண் செலவைத் தவிர்த்த துணிச்சலுக்காகத் தனசேகருக்கு நிர்வாகக் குழுத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். தாளைப் பார்க்காமல் மனசு சொல்வதைக் கேட்க வேண்டும் என்று தனசேகர் பேசினார். பிறகு விற்பனைப் பிரிவுக்காரர்கள் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பரிசைக் கொடுத்தார்கள். பிரித்தேன். குடை. அறை முழுக்கச் சிரித்தது. தனசேகர் சிரிக்கவில்லை. தன் மனவருத்தத்தைக் காட்டுவதுபோலத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம்.

அடுத்த வருடம் நடந்ததற்காகப் பலரும் கோபப்பட்டார்கள். என் கோபம் இந்தக் கூட்டத்தில் ஆரம்பித்தது. அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகும் வண்டியை விட்டு, அடிபடாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவனை நல்ல டிரைவர் என்று யாரும் வேலைக்கு வைப்பதில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முடிவு வேறு, விளைவு வேறு. கெட்ட முடிவு தப்பிப் பிழைக்கலாம், நல்ல முடிவும் தோற்கலாம். முடிவெடுத்தபோது என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். சேர்ந்த நாள் முதல் இதை ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்லி வந்தேன். தனசேகரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் மறுபடி பலகையில் வரைந்தேன். இந்த முறை ஒரு கிளை கூடுதலாகப் போட்டிருந்தேன். தண்ணீர் வந்தால் சரக்கை மீட்க ஆட்கள் கீழே இறங்குவார்கள். இறங்கினால் அடிபடலாம், உயிர்கூடப் போகலாம். தனசேகர் எழுந்து வந்து, அழிப்பானை எடுத்து, அந்தக் கிளையை மட்டும் பதமாக அழித்தார்.

"ஆளுங்க எதுக்கும்மா கீழ போகப் போறாங்க? சரக்கு போனா இன்சூரன்ஸ் இருக்கு. நடக்காததை எல்லாம் போட்டுப் படத்தைப் பெரிசாக்காதே" என்றார். பிறகு, போன வருடம்தான் வரவில்லையே என்று சொல்லி, நான்கை இரண்டாகத் திருத்தச் சொன்னார். நான் திருத்தவில்லை. அவரே திருத்தினார். வராமல் போனது அதிர்ஷ்டம், வாய்ப்பு குறைந்ததற்கு அது சாட்சியல்ல என்று நான் சொன்னேன். "சரி, உன் கருத்து பதிவாயிடுச்சு" என்றார். கிளையை வெட்டி, எண்ணையும் குறைத்துவிட்டால் எந்தக் கணக்கும் நாம் விரும்பியதைச் சொல்லும். சரக்கை மாற்ற வேண்டாம் என்று அது சொன்னது.

குளிர்பதன அறையின் மேற்பார்வையாளர் சகாயம். பட்டினப்பாக்கத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் கம்பெனி வேலைக்கு வந்தவர். மனைவி ரெஜினா மீன் விற்கிறவள். நான் கோட்டூர்புரம் போகும்போதெல்லாம் சகாயம், "இன்னா மேடம், இந்த வருஷமும் டப்பா கொணாந்தீங்களா?" என்று கேட்பார். தனசேகர் மேல் அவருக்கு அபார மரியாதை. மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குத் தனசேகர் வீட்டுக்கே வந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மழைக்காலத்தில், அது நடந்த அன்று காலை தி.நகர் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தோம். தனசேகர், நிதிப் பிரிவுத் தலைவர், மனிதவள மேலாளர், நான். விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. நிதிப் பிரிவுத் தலைவரின் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. மேலே ஏரியிலிருந்து அடையாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகவும். அதை அவர் சத்தமாக வாசித்தார். தனசேகர் கேட்டுத் தலையசைத்தார். நான் உடனே கோட்டூர்புரத்தைக் காலி செய்யச் சொல்லலாம் என்றேன். "பேசறேன்" என்று கையைக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் சகாயத்தைக் கூப்பிட்டார்.

"சகாயம், தண்ணி எப்படி இருக்கு?"

"ரோட்டுல கணுக்கால் அளவு கீது சார். கீழ இன்னும் வர்ல."

"அப்படியா. அந்த இன்சுலின் மட்டும் மேல வந்துட்டா எனக்கு நிம்மதி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் நாளைக்குக் கொடுத்தாகணும். நான் சொல்லிட்டேன்னு போகாதே. முடிஞ்சா பாரு. உன் இஷ்டம்."

"செரி சார். நா பாத்துக்கிறேன்."

நான் போனை நோக்கிக் குனிந்து, "சகாயம், ஏரி" என்று ஆரம்பிப்பதற்குள் தனசேகர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். "பயமுறுத்தாதே ஸ்டெல்லா, அவனுக்குத் தெரியும்" என்றார். என் கைபேசியிலிருந்து சகாயத்தைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது. கோட்டூர்புரத்தில் இருந்த முருகேசனைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சரிவுப் பாதைக்கு ஓடியபோது தண்ணீர் அவருக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து நின்ற ஒரு பெரிய குளிர்பெட்டியைத் தண்ணீர் தள்ளிச் சாய்த்திருக்கிறது. சகாயத்தின் வலது கால் அதன் அடியில். முருகேசனும் காவலாளிகளும் கழுத்தளவு தண்ணீரில் நின்று அவரை இழுத்து வெளியே கொண்டு வந்தார்கள். ராயப்பேட்டை மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே காலைக் காப்பாற்ற முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நான் பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே ரெஜினா உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன்.

"நீங்கதான் மழ வந்தா இன்னா ஆவும்னு கணக்கு போடறவங்களா? அவரு சொல்லிக்கினே இருப்பாரு" என்றாள். "அந்தக் கணக்குல எம் புருசன் எங்க கீறாரு?"

"இருந்தாரு. அழிச்சுட்டாங்க" என்றேன்.

யார் என்று அவள் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிறுவனம் ஓர் உள்விசாரணை வைத்தது. நிர்வாகக் குழுத் தலைவர், வெளியிலிருந்து இரண்டு உறுப்பினர்கள். தனசேகர் சோகமான முகத்தோடு வந்தார். கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார். "நம்ம ஸ்டெல்லா மேடம் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. முடிவு வேற, விளைவு வேற. விளைவு மோசமா போச்சுங்கறதுக்காக முடிவு தப்புன்னு சொல்ல முடியாது. கையில இருந்த தகவலை வச்சு நாங்க எடுத்தது சரியான முடிவு."

வாழ்நாள் முழுக்க நான் நம்பி, சொல்லிக்கொடுத்த ஒன்றை எடுத்து, ஒரு மனிதனின் காலின் மேல் துணிபோலப் போர்த்திவிட்டார். கையில் இருந்த தகவலைத்தான் நீங்கள் பலகையிலிருந்து அழித்தீர்கள் என்று நான் சொன்னேன். போன் செய்வதற்கு முன் ஏரிச் செய்தி வந்துவிட்டது என்றும் சொன்னேன். நிதிப் பிரிவுத் தலைவர் தனக்கு நேரம் சரியாக நினைவில்லை என்றார். மனிதவள மேலாளர் அப்போது காபி எடுக்கப் போயிருந்தாராம். அறிக்கை வந்தது. இயற்கைச் சீற்றம். ஊழியர் யாருடைய உத்தரவும் இல்லாமல் தன் விருப்பத்தால் இறங்கினார்.

இந்த ஒரு வரியை வைத்து நஷ்டஈட்டை மறுத்தார்கள். சகாயத்துக்குக் கருணை அடிப்படையில் ஏதோ தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். மழையை யார் கண்டார்கள், சார் என்ன செய்வார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ரெஜினா கேட்கவில்லை. பங்கில் தெரிந்த ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, தொழிலாளர் நஷ்டஈட்டு விசாரணைக்குக் கொண்டுபோனாள். வக்கீல் என்னைச் சாட்சிக்குக் கேட்டார். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு சொல்லக் கூடாது, அதனால் அதுவரை சகாயத்திடம் அன்று நடந்தது எதையும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு ஓய்வுக்குச் சில மாதங்கள் இருந்தன. ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக வைத்துக்கொள்வதாகப் பேச்சு இருந்தது. விசாரணைக்கு முதல் நாள் தனசேகர் என்னைக் கூப்பிட்டார். காபி வந்தது. என் தங்கையின் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார். "நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன் ஸ்டெல்லா" என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

எப்படி முடிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு சகாயத்தின் பக்கம் வந்தது. அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. குளிர்பதன அறையை மாடிக்கு மாற்றினார்கள். ஆலோசகர் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. தனசேகர் வேறொரு பெரிய நிறுவனத்துக்கு இன்னும் பெரிய பதவியில் போனார். இடர் மேலாண்மையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசுகிறார். எனக்கு அழைப்பிதழ் வருகிறது.

விசாரணை அறை சிறியது. சகாயம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ரெஜினாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் தனசேகர். உள்ளே வந்ததும் சகாயம் அவருக்கு வணக்கம் வைத்தார்.

நிறுவனத்தின் வக்கீல் என்னிடம் சுற்றி வளைக்காமல் கேட்டார். "உங்க கணக்குப்படியே பத்துல ஆறு தடவை தண்ணி வராது. சரியா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி போட்ட கணக்குப்படி சரி."

"தனசேகர் சார் போன்ல 'உன் இஷ்டம்'னு சொன்னதை நீங்களே கேட்டீங்க. அப்ப கீழ இறங்கினது சகாயத்தோட சொந்த முடிவு. சரியா?"

"இல்லை" என்றேன். "முடிவுன்னா, எதிர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சு எடுக்கறது. ஏரி திறந்த செய்தி வந்த பிறகு பத்துல நாலு இல்ல, பத்துக்குப் பத்து. அந்தச் செய்தி எங்க அறையில சத்தமா வாசிக்கப்பட்டுச்சு. தனசேகர் சார் கேட்டுத் தலையாட்டினார். அதுக்கு அப்புறம்தான் போன் பண்ணினார். போன்ல அதைச் சொல்லல. நான் சொல்ல வந்தபோது போனை வச்சுட்டார். தெரிஞ்சவர் முடிவெடுக்கல. முடிவெடுத்தவருக்குத் தெரியாது."

ரெஜினா கணவரின் கையைப் பிடித்தாள். சகாயம் அவள் கையை விலக்கிவிட்டு, ஊன்றுகோலை எடுத்து, மெதுவாக எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று விசாரணை அதிகாரி சொன்னது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. தனசேகரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏரி தொறந்துட்டாங்கன்னு தெரிஞ்சுதான் எனக்குப் போன் பண்ணீங்களா சார்?"

குரலில் கோபமே இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தனசேகர் நிறுவனத்தின் வக்கீலைப் பார்த்தார். சகாயம் நின்றுகொண்டே இருந்தார், பதிலுக்காக.